சாய்ஸ் பட்டியலின் கடைசி வரி

புளியறைக்கு இரண்டு சீசன் ஒன்றாக வரும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து, வயலில் நிற்பவர் முகத்தில் சாரலை அடித்துவிட்டுப் போகும். குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கும். அதே ஆனி, ஆடி வாரங்களில்தான் செங்கோட்டையிலும் தென்காசியிலும் உள்ள பிரவுசிங் சென்டர்களில் கவுன்சிலிங் கூட்டம் சேரும். முதல் சீசனுக்கு வெளியூர்க்காரர்கள் வருவார்கள். இரண்டாவது சீசன் முடிந்ததும் உள்ளூர்ப் பிள்ளைகள் வெளியூர் போவார்கள்.

புளியறையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பெண் அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவள். பிளஸ் டூவில் கட்-ஆஃப் 190-க்கு மேல். தெருவுக்கே பெருமை. அவளோடு உட்கார்ந்து சாய்ஸ் நிரப்ப மாமா வந்திருக்கிறார். "மொதல்ல கண்டிப்பா கெடைக்கிற காலேஜப் போடு தாயி. ஆசப்பட்டத மேல போட்டா உள்ளதும் போயிரும்" என்கிறார். அப்பாவின் கேள்வி வேறு: "அந்தக் காலேஜு சேஃபா இருக்குமா?"

மாமா சொல்லும் சேஃப், இடம் நிச்சயமாகக் கிடைப்பது. அப்பா கேட்கும் சேஃப், விடுதி வார்டன் எப்படி, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து திரும்ப முடியுமா என்பது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு கவலைகளைப் பேசுகிறார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு மூன்றாவதாக ஒரு கவலை உண்டு. அதை யாரும் கேட்பதில்லை.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கான ஆலோசனை என்று இன்று வலம் வருவதில் பாதி, அமெரிக்கக் கல்லூரி விண்ணப்ப வழக்கத்திலிருந்து வந்தது. அங்கே கல்லூரிகளை மூன்றாகப் பிரிப்பார்கள். எட்டாத உயரத்தில் இருப்பது ரீச், நம் தகுதிக்குச் சரியாக இருப்பது டார்கெட், எப்படியும் கிடைத்துவிடுவது சேஃப்டி. இவற்றில் இத்தனை இத்தனை என்று விண்ணப்பிக்கச் சொல்வார்கள். அந்த ஊருக்கு அது பொருந்தும். அங்கே ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக மாணவரை எடைபோடுகிறது. மதிப்பெண்ணோடு கட்டுரை, சிபாரிசுக் கடிதம், விளையாட்டு, சில இடங்களில் பெற்றோர் படித்த கல்லூரி வரை பார்க்கிறது. உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியே தெரியாது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காசும் கட்டவேண்டும். இங்கிலாந்தில் இன்னும் இறுக்கம்: யூகாஸ் வழியாக ஐந்து இடங்களுக்குத்தான் விண்ணப்பிக்கலாம், கிடைத்தவற்றுள் ஒன்றை உறுதி என்றும் இன்னொன்றை இன்ஷூரன்ஸ் என்றும் பிடித்துவைக்கலாம். பட்டியல் குறுகியது, தேர்வுமுறை இருட்டு. அப்படிப்பட்ட இடத்தில்தான் சேஃப்டி என்ற சொல்லுக்கு வேலை.

புளியறைப் பெண்ணின் நிலைமை இதற்கு நேர் எதிர். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் அவளை எந்தக் கல்லூரியும் எடைபோடுவதில்லை. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்கு ஒரு கட்-ஆஃப். அதன்படி ஒரு ரேங்க். மதிப்பெண் சமமானால் கணக்கைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல், இன்னும் சில படிகள், பிறந்த தேதி. அதுவும் சமமானால் கணினி முன்பே தந்துவைத்த பத்து இலக்க ரேண்டம் எண். சாய்ஸ் நிரப்பும்போது அவள் ரேங்க் அவள் கையில் இருக்கிறது. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம்; கூடுதல் வரிக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. அமெரிக்காவின் வெள்ளைக்காரப் பிள்ளைக்குக் கிடைக்காத இரண்டு வசதிகள் இவை. இந்த இரண்டையும் வீணாக்கும் ஆலோசனையைத்தான் மாமா சொல்கிறார்.

மாமாவைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் காலத்துக் கவுன்சிலிங் வேறு. ஒற்றைச் சாளர முறை 1997-இல் தொடங்கியது. 2017 வரை குடும்பமே சென்னைக்குப் போகவேண்டும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசு பஸ்ஸில் பாதிக் கட்டணம். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பெரிய திரைகளில் கல்லூரி வாரியாக மீதி இடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். காத்திருக்கும்போதே ஒரு எண் மூன்றிலிருந்து இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். நம் முறை வந்து உள்ளே போய்க் கணினிக்கு முன் உட்காரும்போது என்ன மிச்சம் என்று கண்ணால் தெரியும். இருப்பதில் சிறந்ததைத் தொட்டுவிட்டு, ஒதுக்கீட்டுக் கடிதத்தோடு வெளியே வரலாம். அங்கே ரீச், டார்கெட், சேஃப்டி எதற்கும் இடமே கிடையாது. இருக்கிற இடம், இல்லாத இடம், அவ்வளவுதான்.

2018-இல் எல்லாம் ஆன்லைனுக்கு மாறியது. அடுத்த ஆண்டு முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போய்த் திரும்பும் செலவும் அலைச்சலும் மிச்சம். போனது திரை. இப்போது எது மிச்சம் என்று பார்த்துவிட்டுக் கேட்க முடியாது. எது மிச்சமானாலும் எதைக் கேட்பேன் என்று முன்கூட்டியே எழுதித் தரவேண்டும்.

இந்த மாற்றத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: கிண்டி ஹாலில் நமக்குப் பதிலாக ஒருவர் நிற்கிறார். அவரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். நம் ரேங்க்கைக் கூப்பிட்டதும் அவர் சீட்டின் முதல் வரியைப் பார்ப்பார். இடம் இருந்தால் எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் இரண்டாவது வரி. அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. அவருக்குக் கோபம் வராது. "இத்தனை பெரிய கல்லூரியை ஏன் கேட்டாய்" என்று தண்டிக்கமாட்டார். நூறு வரி தாண்டி நூற்றோராவது வரியில் இடம் இருந்தாலும், அதை முதல் வரியாக எழுதியவருக்கு எந்த உரிமையோ அதே உரிமை நமக்கும் உண்டு. ரேங்க் மட்டும்தான் பேசும். இட ஒதுக்கீட்டிலும் இப்படித்தான்: ஒவ்வொரு வரியிலும் பொதுப்பிரிவில் இடம் உண்டா என்று முதலில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் மாணவியின் வகுப்புப் பிரிவில் பார்க்கப்படும்.

ஆகவே ஆசைப்பட்டதை மேலே போட்டால் உள்ளது போகாது. கிடைக்கிறதை மேலே போட்டால்தான் ஆசைப்பட்டது போகும். ஆசைப்பட்ட கல்லூரியில் அவளுக்கு இடம் இருந்திருக்கும். சீட்டில் முதல் வரியிலேயே வேறு கல்லூரி கிடைத்துவிட்டதால் ஆள் அதோடு திரும்பியிருப்பார்.

இதற்குக் கணித அடித்தளம் இட்டவர்கள் டேவிட் கேலும் லாயிட் ஷேப்லியும். 1962-இல் அமெரிக்கக் கணித இதழ் ஒன்றில், கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணத்தையும் ஒரே கணக்காக வைத்து அவர்கள் எழுதிய சிறு கட்டுரை பின்னாளில் பெரிய துறையாக வளர்ந்தது. அதற்காக ஷேப்லிக்கும், அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆல்வின் ரோத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. எல்லாக் கல்லூரிகளும் ஒரே ரேங்க் வரிசையை ஏற்கும் இடத்தில், அவர்களுடைய முறை நம் கவுன்சிலிங் போலவே சுருங்கிவிடும்: ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக வந்து, மிச்சமிருப்பதில் தனக்குப் பிடித்ததை எடுப்பது. அந்த அமைப்பில் உண்மையான விருப்பத்தை எழுதுவதைவிட லாபமான தந்திரம் கிடையாது.

பிறகு மாமாவின் பயம் எங்கிருந்து வந்தது? அந்தப் பயம் நியாயமாக இருக்கும் அமைப்புகளும் உலகில் உண்டு. பாஸ்டன் நகரப் பள்ளிச் சேர்க்கை 2005 வரை அப்படித்தான் நடந்தது. முதல் சாய்ஸாகப் போட்டவர்களுக்கே முதலில் இடம். மிச்சமிருந்தால்தான் இரண்டாவதாகப் போட்டவர்களுக்கு. பெரிய பள்ளியை முதலில் போட்டுத் தவறவிட்டால், இரண்டாவது பள்ளி ஏற்கெனவே நிறைந்திருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் கூட்டம் போட்டுத் தந்திரம் பேசி ஜெயித்தார்கள், தெரியாதவர்கள் தோற்றார்கள். சீனாவிலும் பல மாகாணங்களில் இதே கதை. முதல் விருப்பத்தில் தவறினால் பாதாளம். 2003-இல் ஹூனான் மாகாணம் வேறு முறைக்கு மாறியது, மற்ற மாகாணங்கள் பின்தொடர்ந்தன. கிடைக்கிறதை முதலில் போடு என்பது அத்தகைய ஊர்களில் கெட்டிக்காரத்தனம். நம் ஊரில் அதையே செய்தால் கையிலிருப்பதை விட்டுக்கொடுப்பதாகிவிடும்.

படித்தவர்களும் இதில் சறுக்குகிறார்கள் என்பதுதான் வியப்பு. இஸ்ரேலில் உளவியல் மேற்படிப்புக்கான சேர்க்கையில், ஒரே துறைக்கு உதவித்தொகையோடு ஓர் இடம், இல்லாமல் ஓர் இடம் என்று தனித்தனியே வரிசைப்படுத்தலாம். காசு தருகிற இடத்தைக் காசு தராத இடத்துக்குக் கீழே போட்டவர்கள் கணிசமாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். 'நமக்கெல்லாம் உதவித்தொகையா தருவார்கள்' என்ற தயக்கம் பட்டியலுக்குள் நுழைந்து, கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைத் தடுத்துவிட்டது. மனோதத்துவம் படிக்கப்போகிறவர்களுக்கே இந்தத் தடுமாற்றம் என்றால் பிரவுசிங் சென்டரில் வரிசையில் நிற்கும் தகப்பனைக் குறைசொல்ல என்ன இருக்கிறது.

போன வருஷக் கட்-ஆஃப் பற்றியும் சொல்லவேண்டும். எல்லோர் கையிலும் ஒரு பி.டி.எஃப். இருக்கும். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த வகுப்புக்கு எத்தனை மதிப்பெண்ணில் முடிந்தது என்று. அதை வைத்து டார்கெட் இது, சேஃப்டி இது என்று கோடு போடுவார்கள். 2024-இல் 200-க்கு 200 எடுத்தவர்கள் 65 பேர். 2025-இல் 144 பேர். ஒரே ஆண்டில் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. 2021-இல் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்து, பதினொன்று, உள்மதிப்பீடு என்று கூட்டிப்போட்டு மதிப்பெண் தந்தார்கள். இந்த ஆண்டுகளின் 190-ம் 190-ம் ஒரே 190 அல்ல. மதிப்பெண்ணை விட்டுவிட்டு, போன ஆண்டு அந்த இடம் எந்த ரேங்க்கில் முடிந்தது என்று பார்ப்பதே சரி. அதிலும் பொது ரேங்க், வகுப்பு ரேங்க் இரண்டையும். கணக்குத் தாள் எளிதாக வந்தால் மதிப்பெண் ஏறும். ஆயிரமாவது ஆள் ஆயிரமாவது ஆளாகவே இருப்பார்.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. டார்கெட் என்று ஐந்து கல்லூரிகளைக் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போட்டால் ஐந்து வாய்ப்பு என்று தோன்றும். உண்மையில் அது ஒரு வாய்ப்பு, ஐந்து பெயரில். அந்த ஆண்டு எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பின்னால் ஓடினால் ஐந்தும் ஒன்றாகவே போகும். பாதுகாப்பு வேண்டுமென்றால் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறாத இடங்கள் வேண்டும்: ஒரு பெரிய கல்லூரியில் மெக்கானிக்கல், இன்னொன்றில் ட்ரிபிள்-இ, கிண்டியில் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர். இவை வேண்டாம் என்றால் எழுதாமல் விடலாம், தெரியாமல் விடக்கூடாது. ஏ.சி. டெக்கில் டெக்ஸ்டைல் என்றவுடன் முகம் சுளிக்கும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். "துணி நெய்யவா அனுப்புதேன்?" என்பார்கள். திருப்பூருக்கு லோடு ஏற்றுகிறவரும் அப்படித்தான் கேட்கிறார்.

கல்லூரியா, பிரிவா என்ற வாக்குவாதம் முடியாதது. எனக்கு ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை: முதல் தலைமுறையாகப் படிக்கப்போகும் பிள்ளைக்குக் கல்லூரி. 2002-இல் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் அமெரிக்கப் பட்டதாரிகளை வைத்துச் செய்த ஆய்வு புகழ்பெற்றது. பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் சின்ன கல்லூரிக்குப் போனவர்கள், பெரிய கல்லூரிக்குப் போனவர்களோடு ஏறத்தாழ ஒரே அளவே சம்பாதித்தார்கள். கல்லூரிப் பெயர் மாயை என்று சொல்ல இதைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். ஆனால் அதே ஆய்வில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி நிஜமாகவே வித்தியாசம் செய்தது. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே இருப்பதை, புளியறைப் பிள்ளை விடுதி அறைத்தோழியிடமிருந்தும் சீனியர்களிடமிருந்தும்தான் பெறவேண்டும். அவளுக்குக் கல்லூரி என்பது பாடத்திட்டம் மட்டுமல்ல, அறிமுகங்களின் ஊர்.

கட்டணத்தில் ஒரு கண்ணி உண்டு. கோவை பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சில பிரிவுகள் உதவி பெறுபவை, சில 'எஸ்.எஸ்.' என்று அடைப்புக்குறி போட்ட சுயநிதிப் பிரிவுகள். ஒரே வாசல், ஒரே மரத்தடி, கட்டணம் மட்டும் பல மடங்கு வித்தியாசம். பட்டியலில் அந்த இரண்டெழுத்தைப் பார்க்காமல் வரி எழுதியவர்கள் ஒதுக்கீட்டுக் கடிதம் வந்த பிறகு விழிக்கிறார்கள்.

இதுவரை சொன்னது ஒரே சாளரத்துக்குள் நடப்பது. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு மெய்யான சிக்கல் அவள் பல சாளரங்களுக்கு முன்னால் ஒரே நேரத்தில் நிற்பதில்தான். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களுக்கு 2015 முதல் ஜோசா என்ற தனிக் கவுன்சிலிங். மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண்ணை வைத்து அகில இந்தியச் சுற்றுகளும் மாநிலச் சுற்றுகளும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களோ இவற்றுக்கெல்லாம் முன்பே பணம் கேட்கும். ஒவ்வொன்றின் கடிகாரமும் வேறு. அண்ணா பல்கலை வளாகத்தில் சேர்ந்த பிள்ளை, பிறகு மருத்துவ இடம் கிடைத்துப் போய்விடுவதும், அந்த நல்ல இடம் காலியாகவே கிடப்பதும் ஆண்டுதோறும் செய்தி. பொறியியல் கவுன்சிலிங்கில் 'அப்வேர்டு' இருப்பது ஓரளவு உதவுகிறது: வந்த இடத்தைப் பிடித்துக்கொண்டே மேலே காலியானால் ஏறலாம். ஆனால் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன், வேண்டாம் அடுத்த சுற்று என்று குறித்த நாளுக்குள் சொல்லியாகவேண்டும். சொல்லாமல் விட்டால் இடம் போய்விடும். சாரல் நாளில் கரண்ட் போவது இந்த அமைப்பின் கணக்கில் இல்லை.

பணம் கட்டி இடம் பிடித்துவைப்பதைப் பாதுகாப்பு என்று விற்கிறார்கள். விலையுயர்ந்த சேஃப்டி அதுதான். 190-க்கு மேல் எடுத்தவளுக்குப் பொறியியல் இடம் கிடைக்காமல் போகும் ஆபத்து தமிழ்நாட்டில் இல்லவே இல்லை. ஒருகாலத்தில் ஐந்நூறுக்கு மேல் இருந்து இன்று நானூற்றுச் சொச்சமாகச் சுருங்கியிருக்கும் கல்லூரிகளில் கடைசிச் சுற்று முடிந்தும் இடங்கள் கிடக்கின்றன. எந்த ஆபத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளாமல் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறவர்கள் உண்டு. ஏற்கெனவே கட்டிவிட்டால், விலகும்போது திருப்பித் தரவேண்டிய விதி பல்கலைக்கழக மானியக் குழுவிடம் இருக்கிறது. 2024-இல் அது செப்டம்பர் 30 வரை விலகுபவருக்கு முழுத் தொகையையும் தரச் சொன்னது. விதியைத் தெரிந்து கேட்பவருக்கும், கேட்கத் தெரியாமல் திரும்புபவருக்கும் இடையே ஒரு லட்ச ரூபாய் தூரம்.

புளியறைக்கென்றே ஒரு சாளரம் உண்டு, மலைக்கு அந்தப்பக்கம். செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடுதான் இருந்தது. இன்றும் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம். எஸ் வளைவு தாண்டினால் கொல்லம் மாவட்டம். சொந்தபந்தம் அங்கே இருப்பதால் பிளஸ் டூவை அந்தப்பக்கம் படிக்கவைக்கும் வீடுகள் உண்டு. நல்ல பள்ளியாகவும் இருக்கும். ஆனால் என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தாருக்கு. சொந்த மாநிலம் எது என்பதைப் பிளஸ் டூ தேர்ச்சிபெற்ற மாநிலமே தீர்மானிக்கும். சோதனைச் சாவடிக்கு அந்தப்பக்கம் முடித்தால் அவளுக்குச் சொந்த என்.ஐ.டி. கோழிக்கோடு, இந்தப்பக்கம் என்றால் திருச்சி. அந்தப்பக்கம் முடித்துவிட்டுத் தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்குக்கு வரும்போது நேட்டிவிட்டி சான்றிதழுக்கு அலையவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, 7.5 சதவீதம் போய்விடும்.

அந்த 7.5 சதவீதத்தை நம் வீடுகள் இன்னும் முழுதாக உள்வாங்கவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-இலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்வியில் 2021-இலும் சட்டம் மூலம் வந்த உள் ஒதுக்கீடு அது. பொறியியலில் அதன்வழி சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே நம் பெண்ணிடம் இரண்டு ரேங்க் இருக்கிறது: பொதுவில் ஒன்று, அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் ஒன்று. இரண்டாவதில் அவள் மிக மேலே இருப்பாள். பொதுப் பட்டியலில் ரீச் என்று தோன்றும் இடம் அந்தப் பட்டியலில் டார்கெட்டாக இருக்கும், அதுவும் இலவசமாக. 'ஒதுக்கீட்டில் போனதாகச் சொல்வார்களே' என்று கூச்சப்பட்டுப் பொதுவிலேயே எடுத்துக்கொண்டு நான்கு வருஷம் பணம் கட்டுவதும் நடக்கும். அந்தக் கூச்சத்துக்கு என்னிடம் மரியாதை இல்லை.

நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளைப் பற்றி அமெரிக்காவில் காரலின் ஹாக்ஸ்பியும் கிறிஸ்டோஃபர் ஏவரியும் 2013-இல் எழுதியது இங்கே பொருந்தும். பெருநகரங்களுக்கு வெளியே, தன் பள்ளியில் தன் அளவுக்குப் படிக்கும் இன்னொருவர் இல்லாத ஒற்றைப் பிள்ளைகள், தங்களுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதே இல்லை. அங்கே உதவித்தொகை போக ஆகும் செலவு பக்கத்துக் கல்லூரியைவிடக் குறைவு என்றாலும். பெருநகரப் பெரிய பள்ளியில் முப்பது பேர் சேர்ந்து படிப்பார்கள், சேர்ந்து விண்ணப்பிப்பார்கள். போன வருஷம் போன அண்ணன் போனில் இருப்பான். ஒற்றைப் பிள்ளைக்கு யாரும் இல்லை. ஊரில் முதல் மாணவி என்பது அடிப்படையில் தனிமை.

இதற்குத் தகவல் கொடுத்தால் போதும் என்று முதலில் நம்பினார்கள். ஹாக்ஸ்பியும் சாரா டர்னரும் ஆளுக்கு ஏறத்தாழ 6 டாலர் செலவில் விவரக் கட்டு ஒன்றைத் தபாலில் அனுப்பினார்கள், பலன் தெரிந்தது. அதையே நாடு முழுக்கப் பெரிய அளவில் அனுப்பிப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. மிச்சிகனில் வேறொன்று செய்தார்கள். 2015-இல் தொடங்கி, தகுதியுள்ள ஏழை மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் நேரடியாகக் கடிதம் எழுதியது: உனக்கு இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் கிடையாது, உறுதி. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எப்படியும் உதவித்தொகை கிடைத்திருக்கும். செலவு பெரிதாக மாறவில்லை. மாறியது நிச்சயம். கடிதம் வராதவர்களில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். வந்தவர்களில் 68 சதவீதம்.

தென்காசியில் கல்லூரிக் கனவு போன்ற வழிகாட்டி முகாம்கள் நடக்கின்றன, நல்லதுதான். பந்தல், மேடை, துண்டுப் பிரசுரம், கைதட்டல். மிச்சிகன் சொல்வது என்னவென்றால், ஆயிரம் பேருக்குப் பொதுவாகச் சொல்லும் தகவலைவிட, அந்தப் பெண்ணின் பெயருக்கு, அவள் ரேங்க்கை வைத்து, 'உனக்கு இந்த இந்த இடம் கட்டணமின்றிக் கிடைக்கும்' என்று போகும் ஒரு தாள் வேலை செய்யும். மதிப்பெண்ணும் ரேங்க்கும் முகவரியும் அரசிடமே இருக்கின்றன. தபால் செலவுதான் பாக்கி.

சரி, அந்தப் பட்டியலுக்குச் சேஃப்டி தேவையே இல்லையா? தேவை, ஆனால் அது கடைசி வரியில் இருக்கிறது. இதற்குக் கீழே போனால் வேறு வழி பார்ப்பேன் என்ற இடம் எது? அதை நிர்ணயிக்க வேண்டுமானால் வேறு வழி என்னவென்று தெரிந்திருக்கவேண்டும். தென்காசிக்காரர்களுக்கு அது வெறும் கற்பனை இல்லை. கடையம் சாலையில் மத்தளம்பாறையில் 2011-இல் ஜோஹோ அலுவலகம் வந்தது. பிளஸ் டூ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கும் பள்ளியையும் அந்நிறுவனம் நடத்துகிறது. "பேருக்கு ஒரு காலேஜில நாலு வருஷம் கெடக்கதுக்கு அங்க சேந்துரலாம்லா" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரியில் கணிதமோ இயற்பியலோ எடுத்து, நல்ல இடத்தில் எம்.எஸ்சி. போகும் வழியும் உண்டு. பொறியியல் ஜுரத்தில் அது யார் கண்ணிலும் படுவதில்லை. இவற்றை எடைபோட்டுப் பார்த்தவளால்தான் கடைசி வரியை எழுதமுடியும். பார்க்காதவள் பயத்தில் இன்னும் எண்பது வரி எழுதுவாள். அவற்றுள் ஏதோ ஒன்றில் நான்கு வருஷம் இருக்கவேண்டி வரலாம்.

அப்பாவின் சேஃப் பற்றிய கேள்விக்கு இதில் எங்கே இடம்? அதுவும் பட்டியலுக்குள்தான் வரவேண்டும். தூரம் அவருக்கு முக்கியமென்றால் மாமாவின் கட்-ஆஃப் தந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வரக்கூடாது. சென்னையில் இந்தப் பிரிவா, பக்கத்தில் திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் அந்தப் பிரிவா என்று வாய்விட்டுப் பேசி வரிசைப்படுத்தலாம். மகள் மேலே போடச் சொல்வதை அப்பா கீழே போடச் சொல்லலாம். அது வீட்டுக்குள் நடக்கவேண்டிய சண்டை.

பிரவுசிங் சென்டரில் மூன்று நாள் கெடுவின் இரண்டாம் நாள். கல்லூரி எண் 1, எண் 4, எண் 2006 என்று மேலே வரிசை. இருபத்திமூன்றாவது வரியில் 4974, திருநெல்வேலி, ட்ரிபிள்-இ. சென்டர்க்காரர், "இன்னும் போடலாம் தாயி, எத்தன வேணும்னாலும் போடலாம்" என்கிறார். பெண் தலையாட்டி மறுக்கிறாள். இதுக்குக் கீழ வேண்டாம் அண்ணாச்சி. மாமா ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். அப்பா அவர் பக்கம் திரும்பாமல், பொதிகை எக்ஸ்பிரஸ் காலையில் எத்தனை மணிக்கு எழும்பூர் சேரும் என்று சென்டர்க்காரரிடம் கேட்கிறார்.